பேர் போடாத ஆட்டங்கள்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் ஆணி எதுவும் இல்லாத அபூர்வமான ஞாயிறு. புனேயில் காலையிலிருந்தே மழை, வெளியே போக வழியில்லை. தங்கமணி எப்போதோ தெருக்கடையில் வாங்கிப்போட்ட ஒரு சின்ன விளையாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். 400 ஆட்டங்கள் என்று அட்டையில் போட்ட பெட்டி. திரையில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்தவன் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நம்ம டாங்கி கேம்!

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள். "அப்பா, இத யாருப்பா செஞ்சாங்க?"

இருபத்திச் சொச்சம் வருஷமாக கோட் எழுதிப் பிழைக்கிறவன் நான். பத்து வயசில் நான் அதிக நேரம் செலவழித்த ஒரே புரோகிராம் அந்த டாங்கி கேம். அதை எழுதியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, அந்தக் கேள்வி எனக்கு ஒருநாள்கூட வரவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. முதல் திரையில் கம்பெனி பேர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. யாரோ அழித்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ராத்திரி ராத்திரி தோண்டியதன் விளைவுதான் இது. கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1977-லிருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷம்தான் அமெரிக்காவில் அடாரி 2600 வந்தது. கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும் என்ற சங்கதியை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனது அதுதான். அதனுள்ளே இருந்த ரேம் வெறும் 128 பைட். மெகாவும் இல்லை, கிலோவும் இல்லை, பைட்! இந்தப் பத்தியைக்கூட அதில் சேமிக்க முடியாது. ஒரு முழுப் படத்தை நினைவில் வைத்துக்கொள்ள அந்த மெஷினுக்கு இடமே கிடையாது. அதனால் டிவியின் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு கோடாகத் திரையை வரைந்துகொண்டு போகும்போது, அடுத்த கோட்டில் என்ன வர வேண்டும் என்பதை புரோகிராம் அந்த நொடியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினாலும் படம் கோணிக்கொள்ளும். ஓடுகிற ரயிலுக்கு முன்னால் தண்டவாளம் போடுகிற வேலை.

இதில் ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஆள்தான். கதை யோசிப்பது, படம் போடுவது, சத்தம் சேர்ப்பது, கோட் அடிப்பது, பிழை திருத்துவது எல்லாம் அவரே. ஒரு சிறுகதையை ஒருத்தர் எழுதுவது மாதிரி. ஆனால் அட்டையில் அடாரி என்று மட்டும்தான் இருக்கும். எழுதியவர் பேர் வெளியே தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம்.

அங்கே வேலை பார்த்த வாரன் ராபினெட் என்ற இளைஞருக்கு இது பொறுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் வெறும் எழுத்தாலேயே ஆடுகிற ஒரு குகை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் படமாக அடாரியில் செய்கிறேன் என்றார். 4 கிலோபைட்டுக்குள் அது நடக்காது, விட்டுவிடு என்று மேலதிகாரி சொல்லியும் கேட்காமல் செய்து முடித்தார். அதுதான் 1980-ல் கடைக்கு வந்த அட்வென்ச்சர். அந்த நாட்களில் அவருக்கு வருஷச் சம்பளம் சுமார் 22,000 டாலர். கேசட் பத்து லட்சம் விற்றது. அதில் அவருக்குப் பங்கு ஒரு சல்லிகூடக் கிடையாது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு அறை கட்டினார். கறுப்புக் கோட்டையின் புதிர்ப்பாதையில் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு சரியான சுவருக்குப் போனால் வழி திறக்கும். உள்ளே போனால் இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்ற வாசகம் பல நிறத்தில் மின்னும். கூட வேலை பார்த்தவர்களிடம்கூட மூச்சு விடாமல் 1979-லேயே வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு பதினைந்து வயசுப் பையன் அதைக் கண்டுபிடித்து கம்பெனிக்குக் கடிதம் போட்ட பிறகுதான் முதலாளிகளுக்கே விஷயம் தெரிந்தது. சிப்பை மாற்றி அச்சடிக்கச் செலவு அதிகம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஈஸ்டர் எக் என்ற பேர் பிறந்தது இங்கேதான். (1977-ல் வந்த ஸ்டார்ஷிப் 1 என்ற ஆர்கேட் ஆட்டத்திலேயே இப்படி ஒரு ஒளித்த வாசகம் இருந்தது 2017-ல் தெரியவந்தது. ஆனாலும் பேர் வாங்கியது ராபினெட்தான்.)

சரி, ஆட்டம் இப்போது எப்படி இருக்கிறது? 2023-ல் அடாரி கம்பெனி பழைய பெட்டியையே 2600 பிளஸ் என்று மறுபடி வெளியிட்டது. நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தார். கூடவே வந்த கேசட்டில் அட்வென்ச்சரும் உண்டு. நம்ம ஹீரோ ஒரு சதுரம். வெறும் சதுரம். டிராகன் பார்க்க வாத்து மாதிரி இருக்கும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அதில் ஒரு வௌவால் உண்டு. அது நாம் இல்லாத அறைகளிலும் பறந்துகொண்டே இருக்கும், கண்ட சாமானைத் தூக்கிக்கொண்டு போய் வேறெங்கோ போட்டுவிடும். கஷ்டப்பட்டு எடுத்த சாவியை அது பிடுங்கிக்கொண்டு செத்த டிராகனைக் கையில் கொடுத்துவிட்டுப் போனதும் சிரிப்பு நின்று கோபம் வந்தது. அடுத்த முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. திரையில் தெரியாத இடத்திலும் உலகம் நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணத்தை 4 கிலோபைட்டில் கொடுத்திருக்கிறார் மனுஷன்.

ராபினெட் ஒளிந்து செய்ததை நான்கு பேர் வெளிப்படையாகவே செய்தார்கள். டேவிட் கிரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட். கம்பெனியின் கேசட் வருமானத்தில் பெரும்பங்கு தங்கள் நால்வரின் ஆட்டங்களிலிருந்துதான் வருகிறது என்று கணக்குப் பார்த்து, பேரும் பங்கும் கேட்டுப் போனார்கள். கேசட்டை அட்டைப் பெட்டியில் அடுக்குகிறவர்களைவிட நீங்கள் ஒன்றும் ஒசத்தியில்லை என்கிற ரீதியில் பதில் வந்ததாக கிரேன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1979-ல் வெளியே வந்து ஜிம் லெவி என்பவரோடு சேர்ந்து ஆக்டிவிஷன் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்தோடும் வருகிற சின்னப் புத்தகத்தில் செய்தவரின் பேரும் போட்டோவும் இருக்கும்.

அங்கே 1982-ல் கிரேன் செய்ததுதான் பிட்ஃபால். காட்டுக்குள் ஓடி, முதலை தலை மேல் குதித்து, விழுது பிடித்து ஆடி, 20 நிமிஷத்தில் 32 புதையல் எடுக்க வேண்டும். மொத்தம் 255 காட்சிகள். அத்தனையையும் சேமிக்க இடம் ஏது? ஒரே ஒரு பைட்டை வைத்துக்கொண்டு, அதன் பிட்டுகளை ஒரு விதிப்படி நகர்த்தி, வருகிற எண்ணிலிருந்தே மரம், குழி, முதலை எல்லாவற்றையும் அந்தந்த நொடியில் வரவழைத்தார். விதியைப் பின்னாலிருந்து ஓட்டினால் திரும்பி இடது பக்கமும் போகலாம். கோட் எழுதுகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டிய இடம் இது. கீழே சுரங்கத்தில் ஒரு திரை நடந்தால் மேலே மூன்று திரை தாண்டியதற்குச் சமம். எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்ற கணக்கு இன்றைக்கும் மூளையைக் குடைகிறது.

எல்லாம் நிலைத்துவிடவில்லை. அதே 1982-ல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காக ஐந்தே வாரத்தில் எழுத வைத்த இ.டி. ஆட்டத்தில் அன்றைக்கும் குழியில் விழுந்துகொண்டே இருந்தார்கள், இன்றைக்கும் அப்படித்தான். விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014-ல் தோண்டியும் எடுத்தார்கள். குப்பை ஆட்டங்கள் குவிந்து 1983-ல் அமெரிக்கச் சந்தையே படுத்துவிட்டது.

அதே 1983 ஜூலை 15-ம் தேதி ஜப்பானில் நிண்டெண்டோ ஃபேமிகாமைக் கொண்டுவந்தது. நம்ம ஊர் கதைக்கு இதுதான் தாய். ஆனால் இங்கே அது ஃபேமிகாம் என்ற பேரில் வரவில்லை. சாமுராய் என்ற பேரில் வந்தது. அதன் பின்னாலேயே தைவான், சீன நகல்கள் ஆளுக்கொரு பேரில் பர்மா பஜாருக்கும், அங்கேயிருந்து எங்கள் கோவில்பட்டிக்கும் வந்தன. தீப்பெட்டி ஆபீஸ் போனஸ் பணத்தில் அப்பா வாங்கித் தந்தார். கேசட்டில் 9999 இன் 1 என்று போட்டிருக்கும், உள்ளே நாலே நாலு ஆட்டம் இருக்கும். ஓடாவிட்டால் கேசட்டை வாயால் ஊதிச் சொருகுவோம். ஊதியதால் ஒன்றும் ஆகவில்லை, கழற்றி மாட்டியதால்தான் ஓடியது, எச்சில் ஈரம் உலோக முனைகளுக்குக் கெடுதல் என்பதெல்லாம் பின்னால் படித்தது.

அந்த நாலில் ஒன்று 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். இடத்தை மிச்சம் பிடிக்க, வானத்து மேகத்தையே பச்சை அடித்துத் தரையில் புதராக வைத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை, மகள் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். முதல் காட்சியைக் கவனியுங்கள். ஒரு எதிரி நேரே வரும், குதித்தே ஆக வேண்டும். குதித்தால் மேலே செங்கல் இடிக்கும், காளான் வெளியே வரும். அது வலது பக்கம் உருண்டுபோய் குழாயில் முட்டி உங்களிடமே திரும்பும். ஒரு எழுத்து விளக்கம் இல்லாமல் ஆட்டத்தின் அத்தனை விதியும் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. இதைச் செய்த மியாமோட்டோ, தெசுக்கா, இசையமைத்த கோண்டோ ஆகியோர் இன்று உலகப் பிரபலம். ஆனால் அந்த முதல் ஆட்டத்தை முழுசாக முடித்துப் பாருங்கள். இளவரசியைக் காப்பாற்றிய பிறகும் ஒரு பேர்கூட ஓடாது.

ஜப்பானிலும் அதே பயம்தான். பேர் போட்டாலும் பல கம்பெனிகளில் பட்டப்பேர்தான். காண்ட்ராவில் மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ என்று தட்டி 30 உசிர் வாங்கினோமே, அந்தக் குறியீடு காண்ட்ராவுக்கு முன்பே 1986-ல் கிரேடியஸ் ஆட்டத்துக்காக கசுஹிசா ஹாஷிமோட்டோ வைத்தது. தான் எழுதியதைத் தானே சோதிக்க முடியாத அளவுக்குக் கஷ்டமாக இருந்ததாம்! அவர் 2020-ல் இறந்த செய்தியில்தான் அவர் பேரையே நான் முதல் தடவை படித்தேன். அவர் தந்த உசிரில் எத்தனை கோடைவிடுமுறை ஓடியது.

இப்போது டாங்கி கேம். அதன் உண்மையான பேர் பேட்டில் சிட்டி. நாம்கோ கம்பெனி, 1985. அந்தக் காலத்தில் ஜப்பானுக்கு வெளியே முறைப்படி விற்கவே இல்லை. நமக்கும் ரஷ்யாவுக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்தது நகல்கள்தான். கீழே நடுவில் ஒரு கழுகு, சுற்றிலும் செங்கல், ஒரு கட்டத்துக்கு 20 எதிரி டாங்கிகள், மொத்தம் 35 கட்டங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கூட்டாளியைத் தவறிச் சுட்டால் சாக மாட்டான், கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். சண்டை வர இதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணன் எப்போதும் மஞ்சள் டாங்கி, நான் பச்சை. இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டனே கிடையாது. ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் அண்ணன் அதிகாரம்.

என் கணக்கில் இந்த வரிசையில் இன்றும் கொஞ்சம்கூடப் பழசாகாத ஆட்டம் இதுதான். பத்து நொடியில் விதி புரியும். தோற்றால் தப்பு நம்முடையது. அலுத்தால் நாமே வரைபடம் கட்டலாம், அந்த வசதி 1985-லேயே உண்டு.

அதைத் தோண்டும்போதுதான் கிடைத்தது. அந்த கேசட்டின் கோடுக்குள், திரையில் எங்கும் வராத இடத்தில், பேர்கள் இருக்கின்றன. ரியோய்ச்சி ஓகுபோ, தகெஃபுமி ஹியோதோ, ஜுன்கோ ஓசாவா. ஓசாவா நாம்கோவின் இசைக்காரம்மா. அதுமட்டுமா, ஒரு ரகசிய வரிசையில் பட்டன்களைத் தட்டினால், எழுதியவர் ஒரு பெண்ணை நேசிப்பதாகச் சொல்லும் ஒரு வரி திரையில் வரும். நகலடித்தவன் கம்பெனி பேரை அழித்தான். இதை அவன் கண்டுபிடிக்கவே இல்லை!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் முதல் கம்பெனியில் ஃபைலின் தலையில் எங்கள் பேரைப் போடக்கூடாது, கிளையன்ட் பேர்தான் இருக்க வேண்டும் என்று விதி. அன்று எழுதிய ஒரு பேங்க் மாட்யூல் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். நான்தான் எழுதினேன் என்று மகளிடம் காட்ட ஒரு வரிகூட என்னிடம் இல்லை. ராபினெட் கேட்டதும் ஓகுபோ கேட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் இங்கே இருந்தேன் என்பது மட்டும்தான். இந்த ஆட்டங்கள் இன்றும் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த காரணமும் அதுவே. ஒன்றிரண்டு பேரின் முழு மனசும் பிடிவாதமும் அந்த நாலு கிலோபைட்டில் இருக்கிறது. பேரைத்தான் எடுத்துவிட முடிந்தது.

ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நம்ம டாங்கி கேமை எழுதினது ஓகுபோன்னு ஒருத்தராம்."

"எழுதுனது எவனா இருந்தா என்னலே, கழுகைச் சுட்டது பூராவும் நீதான்" என்றார்.

மகள் மூன்று பேரையும் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் எழுதி அந்தப் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே யாராவது கையெழுத்துப் போட்டிருக்கலாம்.