பாரம் இழுக்கும் கெப் வாகனங்கள்: பெற்றோலும் டீசலும்

பாரம் இழுக்கும் கெப் வாகனத்துக்கு டீசல் இயந்திரமே சிக்கனமானது. ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலைவிடச் சுமார் 10 வீதம் கூடுதல் ஆற்றல் உண்டு. டீசல் இயந்திரம் காற்றை ஏறத்தாழ 16 மடங்கு அழுத்தி, அந்த வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பெற்றோல் இயந்திரத்தில் அழுத்தம் பொதுவாக 10 மடங்கு அளவில் நிற்கும். படகு ஏற்றிய டிரெயிலரைக் கடற்கரை மணலிலிருந்து மேட்டுக்கு இழுக்கையில் வித்தியாசம் கண்கூடு. டீசல் வண்டி குறைந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை தரும். பெற்றோல் வண்டியையோ கீழ்க் கியரில் போட்டு உறுமவிட வேண்டும். எரிபொருள் கரைவது அங்கேதான்.

பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கும் இலங்கையின் சீனன்குடாவிலும் 2022இன் எரிபொருள் விலையேற்றம் சுட்டது. 2021 டிசம்பரில் நாட்டில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபாய், ஓட்டோ டீசல் 121 ரூபாய். 2022 யூன் இறுதியில் முறையே 470, 460 ரூபாய். டீசலின் விலைச் சலுகை அநேகமாக அற்றுப்போய், இயந்திரத்தின் சிக்கனமே மிஞ்சியது. பாரமின்றிச் சந்தைக்குப் போய்வருபவருக்கு அதுவும் பெரிதாக உதவாது: வண்டியின் கூடுதல் விலையும், அழுக்கு டீசலால் கெடும் இன்ஜெக்டரின் செலவும் அதை விழுங்கிவிடும்.