பனியில் கருகியும் பூத்த செடி



ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனவங்க ஹைட்ராஞ்சியா பூவைப் பார்த்திருப்பீங்க. பந்து பந்தாக, நீலமாகவும் ரோஸ் நிறமாகவும் பூக்கும். இதன் பூர்வீகம் ஜப்பான். ஆனால் அமெரிக்காவின் வடபகுதித் தோட்டங்களில் இது பல வருஷம் பூக்காமலே நின்றது. என்ன காரணம்?

மல்லிகைக்குக் கவாத்து செய்கிறோம். புதுத் தளிரில் பூ வருகிறது. மாமரம் அப்படியில்லை, முதிர்ந்த கிளையின் நுனியில்தான் பூவெடுக்கும். ஜப்பான் ஹைட்ராஞ்சியா மாமரத்தின் கட்சி. இந்த வருஷப் பூவுக்கான மொட்டு, போன வருஷமே கிளை நுனியில் உருவாகிவிடும். மினசோட்டா மாநிலத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரைகூடப் போவதுண்டு. மொட்டோடு கிளை கருகிப்போகும். வேர் பிழைத்து, பனி விலகியதும் அடியிலிருந்து துளிர்க்கும். இலை செழிக்கும், பூ இருக்காது. குளிருக்கு முன்னால் கிளையை வெட்டி, மொட்டைத் தாங்களே இழந்தவர்களும் உண்டு.

1910-ல் இல்லினாய் மாநிலத்து அன்னா ஊர்ப்பக்கம், ஹாரியட் கிர்க்பாட்ரிக் என்ற அம்மையார் குதிரையில் போகும்போது காட்டில் ஒரு செடியைக் கண்டார். அது அந்த நாட்டு ஹைட்ராஞ்சியா. புதுத் துளிரில் பூக்கும் இனம். அந்தச் செடியில் மட்டும் பூ பெரிய வெள்ளைப் பந்தாக இருந்தது. வீட்டில் கொண்டுவந்து வைத்தார், அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தார். ஐம்பது வருஷம் அது கைமாறிப் பரவியது. 1960-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோசப் மெக்டேனியல் அர்பானா நகரில் அதைப் பார்த்தார். மூலத்தைத் தேடி அன்னா வரைக்கும் போனார். 'அன்னபெல்' என்று பெயர் வைத்து வெளியிட்டார்.

ஆனால் அது வெள்ளைப் பூ. நீலமும் ரோஸும் வேண்டுமென்றால் ஜப்பான் இனம்தான் வேண்டும். 1980-களில் மினசோட்டாவின் பெய்லி நாற்றுப் பண்ணையில், பனியில் கருகிய பிறகும் புதுத் துளிரில் பூத்த ஒரு ஜப்பான் இனச் செடி கண்ணில் பட்டது. 1998-ல் அங்கே போன ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் டிர் அதன் அருமையைப் புரிந்துகொண்டார். 2004-ல் அது 'எண்ட்லெஸ் சம்மர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பாருங்க, இரண்டுமே ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தவை இல்லை. ஒன்று காட்டிலே, இன்னொன்று பண்ணையிலே, யாரோ நின்று கவனித்ததால் கிடைத்தவை. உங்கள் வயலிலும் எல்லாப் பயிரும் வாடி நிற்கும்போது ஒன்று மட்டும் தழைத்து நின்றால், மற்றதோடு சேர்த்து அறுத்துவிடாதீங்க. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்க. அதன் விதையைத் தனியே எடுத்து, அடுத்த பட்டத்தில் விதைத்துப் பாருங்க.