காவினில் காசு, பதிவில் கையெழுத்து

கிண்ணியாவில் ஒரு நிக்காஹ்வுக்கும் திருகோணமலை நகரில் ஒரு பதிவுத் திருமணத்துக்கும் ஒரே வாரத்தில் போய்வருகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் சோடனையையும் ஒப்பிட்டுப் பேசுவோம். இரண்டு இடத்திலும் எழுதப்படும் தாள்களை மட்டும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கல்யாணம் செய்யப்போகும் பிள்ளைகள் காசைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தங்களுக்குள் பேசாமல் மணவறைக்கு வந்துவிடுவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தாள்களிலேயே இருக்கிறது.

காவினை எடுத்துக்கொள்வோம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் அந்தப் பதிவில் மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு என்று குறிக்க இடம் உண்டு. மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது. அது அவளுக்கு மட்டுமே உரிய சொத்து; தகப்பனுக்கும் அதில் பங்கில்லை, கணவனுக்கும் இல்லை. உடனே கொடுக்காமல் பிறகு தருவதாகச் சொன்னால் அது அவன் தீர்க்கவேண்டிய கடன். காதியிடம் முறையிட்டு அவள் வாங்கலாம். கைக்கூலி மறுபக்கம் போகிற காசு, பெண்வீட்டார் மாப்பிள்ளை கையில் கொடுப்பது. ஆனால் சட்டம் அதை அவனுக்குக் கிடைத்த பரிசாகப் பார்க்கவில்லை. பெண்ணின் பயனுக்காக அவன் கையில் கொடுக்கப்பட்ட காசு என்றே வரையறுக்கிறது. கைக்கூலியில் ஓட்டோ வாங்கிய எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்திருந்தால் முதல் வருடத்துச் சண்டைகள் பல வந்தே இராது.

இத்தனையும் எழுதுகிற தாளில் ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. மணமகள் கையெழுத்து வைக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அவளுக்காக வொலி, அதாவது அவளுடைய ஆண் பாதுகாவலர், கையெழுத்திடுகிறார். அவளுடைய மஹரும் அவளுக்கான கைக்கூலியும் ஆண்களுக்கிடையே பேசி எழுதி முடிகின்றன. முஸ்லிம் பெண்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். சட்டத்தைத் திருத்த 2009இல் அமைக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கையைக் கையளித்தது.

இனி மற்றத் தாள். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் எழுதுகிறார்கள். இங்கே மணமகள் கையெழுத்து வைத்தே ஆகவேண்டும். ஆனால் பெயர், வயது, தொழில், தகப்பன் பெயர் என்று போகிற அந்தப் பதிவில் காசைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சீதனம் இல்லாததாலா? இந்தியாவில் 1961இலேயே வரதட்சணைக்குத் தடைச் சட்டம் வந்தது. இலங்கையில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. சீதனம் நடக்கிறது, பேசப்படுகிறது, எழுதப்படாமல் போகிறது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றுபோல் பெண்ணுக்கு வீடு கொடுப்பவர்கள். “வீடு பிள்ளைக்குத்தான்” என்று மாமா வாயால் சொன்னது சட்டத்தின் முன் நிற்காது. காணி கைமாற நொத்தாரிசு உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. யார் பேரில் உறுதி, எப்போது எழுதுவது, வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று கேட்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் விளங்குகிறது. ஆனால் விலை கொடுப்பது பிள்ளைகள்.

யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை எடுக்கிற திருகோணமலைக் குடும்பங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பொதுச் சட்டத்தின் கீழ், 1923ஆம் ஆண்டின் சட்டப்படி, மனைவி தன் காணியைத் தன் விருப்பப்படி விற்கலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒருவரைக் கட்டினால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் அந்த மணம் நீடிக்கும் வரை அவளையும் தேசவழமைக்குள் கொண்டுவருகிறது. பிறகு தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பொருத்தம் பார்த்த நாளில் இதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை.

ஆக, ஒரு தாளில் காசு இருக்கிறது, அவள் இல்லை. மற்றத் தாளில் அவள் இருக்கிறாள், காசு இல்லை. மஹரை எழுதுகிற வழக்கம் எனக்குப் பெரிய பேறாகத் தெரிகிறது. காசைப் பெயர் சொல்லிப் பேசுவது மணத்தைக் கொச்சைப்படுத்தாது என்று அந்தச் சமூகம் பல நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு அந்தத் துணிவு வேண்டும்.

அப்படியே எழுதினாலும், இரண்டு தாளிலும் வராத காசு ஒன்று உண்டு: மாதா மாதம் வரவேண்டியதும் போகவேண்டியதும். கடலை நம்பிய வீட்டில் வாடைக்காற்று மாதங்களில் வருமானம் சுருங்கும். அந்த மாதங்களை எதைக் கொண்டு ஓட்டுவது? கட்டாரில் உழைத்தவன் தங்கச்சிக்கு வீடு கட்டி முடித்துவிட்டானா, இன்னும் அனுப்பவேண்டுமா? மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் எத்தனை மாதம் மிச்சம்? பெண்ணின் அம்மா நுண்கடன் எடுத்திருக்கிறாரா? 2018இல் வறட்சி பாதித்த பன்னிரண்டு மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்தபோது திருகோணமலையும் அதில் இருந்தது. கடன் இங்கே வெட்கப்படும்படியான அபூர்வம் அல்ல. மறைப்பதால்தான் அது மணமான பிறகு ஏமாற்றாக மாறுகிறது.

கத்தோலிக்கருக்கு இந்த இடத்தில் ஒரு வசதி. மணமக்களைத் தயார்படுத்துவது பங்குத்தந்தையின் கடமை என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. மணத்துக்கு முன் இருவரையும் கூப்பிட்டு இருத்திப் பேச ஓர் இடம் கிடைக்கிறது. கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் அப்படி ஒரு பின்னேரத்தை ஏற்படுத்த என்ன தடை? பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்த பின் காத்திருக்கும் நாட்களே போதும். பெரியவர்கள் வெளியே இருக்கட்டும். இருவரும் ஒரு கொப்பித் தாளில் தங்கள் கையால் வரவு, கடன், வீட்டுக்கு அனுப்பவேண்டிய காசு மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்து வைக்கட்டும். கிண்ணியாவில் என்றால் மஹர் எவ்வளவு வேண்டும் என்பதை அவளே அதில் எழுதி வொலியிடம் கொடுக்கட்டும். முதலில் எழுதவேண்டியது அடைவில் இருக்கும் நகை. கல்யாணத்துக்காக மீட்டு அணிவித்த நகை சில கிழமைகளில் திரும்ப வங்கிக்குப் போகும்போது, அதைக் கடைசியாக அறிகிறவள் அதை அணிந்திருந்தவளாக இருக்கக்கூடாது.