ஒரு ராத்தல் தானியம்

சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை என்னும் புலவர் ‘பஞ்ச லட்சணத் திருமுக விலாசம்’ என்றொரு நகைச்சுவை நூலை இயற்றினார். பஞ்சத்தில் அடிபட்ட மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் சென்று முறையிடுகின்றனர். அவரோ தாமே நேரில் உதவாமல், சிவகங்கைச் சமீன்தாருக்கு ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்து அனுப்பிவைக்கிறார். திருமுகம் என்றால், நம் காலத்து வழக்கில் சொல்வதானால், ஒரு சிபாரிசுக் கடிதம். பசித்தவனுக்குச் சோறு கிடைப்பதற்குக் கடவுளே கையொப்பமிட்டுத் தர வேண்டியிருந்தது என்னும் இந்த ஏளனத்தைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்நூலுக்குப் பின்புலமான தாது வருடப் பஞ்சத்தின் வரலாற்றைப் புரட்டினால், புலவர் மிகைப்படுத்தியது கொஞ்சமே என்று தோன்றும்.

தாது வருடம் என்பது 1876-77. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. பல்லாரி, கடப்பை, கர்நூல் தொடங்கிச் சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு வரை வானம் பார்த்த பூமியெல்லாம் காய்ந்தது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-இல் 16 லட்சத்துக்கும் குறைவு. பத்தாண்டுகளில் பெருக வேண்டிய ஒரு மாவட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிப் போயிற்று. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அன்றைய அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது எளிது, ஆனால் உண்மையன்று. சென்னை ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன், 1876-ஆம் ஆண்டின் இறுதியில் அர்பத்நாட் என்னும் வணிக நிறுவனத்தின் வழியாக 30,000 டன் தானியத்தை மறைவாக வாங்கச் செய்தார். கல்கத்தாவிலிருந்த இந்திய அரசு இதனைக் கடிந்துகொண்டது. தானிய வணிகத்தில் அரசு தலையிட்டால் வணிகர் ஒதுங்கிவிடுவர், விலை தானே சரியாகும் வழி அடைபட்டுவிடும் என்பது அந்நாளைய பொருளியல் வேதம். வைஸ்ராய் லிட்டன் பிரபுவும் அவருடைய ஆலோசகர்களும் அந்த வேதத்தில் ஊன்றி நின்றவர்கள். 1877 ஜனவரி முதல் நாளன்று டில்லியில் விக்டோரியா அரசியாரை இந்தியப் பேரரசி என்று அறிவிக்கும் பெருவிழா நடைபெற்றது. அதே மாதத்திலேயே ரிச்சர்டு டெம்பிள் என்பவர் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட்டுச் செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்போடு தெற்கே அனுப்பப்பட்டார்.

இந்த டெம்பிளின் கதை தனியே எண்ணிப் பார்க்கத் தக்கது. 1866-இல் ஒரிசாவில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மடிந்தபோது, அரசு காலந்தாழ்த்தியது என்ற பழி எழுந்தது. அதன் பின் 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பொறுப்பிலிருந்த டெம்பிள் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்தார். கடுமையான சோதனைகள் ஏதுமின்றி உதவி வழங்கினார். பட்டினிச் சாவு மிக அரிதாயிற்று. அதற்கு அவர் பெற்ற பரிசு என்ன? வீண் செலவாளி என்ற பெயர். தேவைக்கு மிஞ்சி அரிசி வாங்கினார், மக்களைச் சோம்பேறிகளாக்கினார் என்று இலண்டன் வரையில் ஏசினர். மூன்றாண்டுகள் கழித்துச் சென்னைக்கு வந்த டெம்பிள், உயிர்களைக் காத்த பழைய டெம்பிள் அல்லர். அந்தப் பழியைத் துடைத்துக்கொள்ள வந்தவர். நல்லதைச் செய்து அவமானப்பட்ட ஒருவர் அடுத்த முறை எவ்வளவு கொடியவராகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வரலாற்றில் நமக்குக் கிட்டவில்லை.

நிவாரண வேலையில் கல் உடைத்தும் மண் சுமந்தும் நாள் முழுதும் உழைக்கும் ஆண் ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியமும், உப்பு புளிக்கென்று சிறிது காசும் போதும் என்று டெம்பிள் வரையறுத்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. முன்பு வழங்கப்பட்டதோ ஒன்றரை ராத்தலுக்குரிய கூலி. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனை எதிர்த்து விடாமல் எழுதினார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரை ராத்தல் தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். சிறையில் இருந்த கைதிக்குக் கிடைத்த உணவே இந்தக் கூலியைவிட மிகுதி. 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி வழி இறங்கி வந்தது: ஒன்றேகால் ராத்தல் தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. பம்பாய் மாகாணத்தில் இதே கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைத்தலங்களை விட்டு வெளியேறினர். பூனா சார்வஜனிக சபை அவர்களுக்காக வாதாடியது. சென்னைவாசிகள் நாள்தோறும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பக்கிங்காம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78-இல் அந்தப் பஞ்சக் கூலிகளின் கையால் வெட்டப்பட்டதே. கால்வாய்க்குக் கோமகனின் பெயர் கிடைத்தது.

இவற்றையெல்லாம் பலர் எழுதிவிட்டனர். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. இந்த ஏற்பாட்டில் உழவன் எங்கே இருந்தான்?

நிவாரண வேலை என்பது ஒரு சோதனையாகவே வகுக்கப்பட்டிருந்தது. உண்மையில் பசித்தவன்தான் வருகிறானா என்று அறிய வேலை கடுமையாயிருக்க வேண்டும், கூலி குறைவாயிருக்க வேண்டும், வேலைத்தலம் ஊரிலிருந்து தொலைவாயிருக்க வேண்டும். கையில் ஏதுமற்ற கூலித் தொழிலாளி இந்தச் சோதனைக்கு உடன்பட்டுப் போகலாம். நான்கு ஏக்கர் புன்செயும் ஒரு சோடி மாடும் உடைய குடியானவன் எப்படிப் போவான்? மாட்டை யார் பார்ப்பது? ஒரு மழை பெய்தால் உழுவது யார்? எனவே அவன் ஊரிலேயே இருந்தான். நகை போயிற்று, வெண்கலப் பாத்திரம் போயிற்று, கூரை மரம் போயிற்று, மாடு செத்தது. கடைசியில் அவனும் வேலைத்தலத்துக்கோ கஞ்சித்தொட்டிக்கோ வந்து சேர்ந்தான். அதாவது, உழவனாக இருந்த வரையில் அவனுக்கு உதவி இல்லை. உழவன் என்னும் நிலையை இழந்த பிறகே அவன் தகுதி பெற்றான்.

நிலவரித் தள்ளுபடி இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. நஞ்சையில் பயிர் சாவியாய்ப் போனால் ஜமாபந்தியில் தள்ளுபடி எழுதும் வழக்கம் உண்டு. மழையை மட்டுமே நம்பிய புன்செய்க்கு அது பொதுவாகக் கிடையாது. மிகக் கொடிய ஆண்டில் மட்டும் தனி உத்தரவால் கிடைக்கும். மேலும், வாங்காமல் விட்ட கிஸ்தி உலைக்கு அரிசியாகாது.

1877-இன் பிற்பகுதியில் மழை வந்தது. அந்த மழைதான் உண்மையான நெருக்கடி என்று நமக்குத் தோன்றுகிறது. ஈரமான நிலத்தின் முன் விதையும் மாடும் இல்லாமல் நின்றவர்கள் எத்தனை ஆயிரமோ! அவ்வேளையில் அவர்களுக்குக் கைகொடுத்தது அரசின் கருவூலமன்று. இலண்டன் மேயர் திரட்டிய நன்கொடை நிதி. ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி சென்னையில் அதன் செயலராய் இருந்தார். அரசின் வேலையோடு முட்டிக்கொள்ளாமல் அந்த நிதி தனக்கென ஒரு வழியைத் தேர்ந்தது: விதை வாங்கவும், மாடு வாங்கவும், சரிந்த கூரையை மேயவும் குடியானவர் கையிலேயே பணம் கொடுத்தது. அலுவலர்களும் ஊர்ப் பெரியவர்களும் மறைப்பணியாளர்களும் கொண்ட வட்டாரக் குழுக்கள் அதனைப் பகிர்ந்தளித்தன. திருப்பித் தரவேண்டாத அந்தப் பணத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடவில்லை. மாடு வாங்கினர், உழுதனர்.

அரசுக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்க வேண்டும். ரிச்சர்டு ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. அதன் வழியே 1883-இல் பஞ்சச் சட்டக்கோவை பிறந்தது. அதே ஆண்டில் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டமும், 1884-இல் உழவர் கடன் சட்டமும் வந்தன. முன்னது கிணறு வெட்டவும் கரை கட்டவும். பின்னது துயர் துடைக்கவும் விதையும் மாடும் வாங்கவும். நம் ஊர்களில் தக்காவிக் கடன் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோமே, அதன் சட்ட வடிவம் இதுதான். ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்பு நிதியென ஒதுக்கும் ஏற்பாடும் 1878-இலேயே செய்யப்பட்டிருந்தது. அதற்கென்று வரியும் விதிக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானப் போர் மூண்டதும் அந்தப் பணம் எங்கே சென்றது என்று இந்தியரும் ஆங்கிலேயரில் நேர்மையுள்ளோரும் பல்லாண்டு கேட்டுக்கொண்டிருந்தனர்.

தக்காவியின் குணத்தைச் சற்று உற்றுநோக்குவோம். தொடக்க நூலில் யோசேப்பு எகிப்தியருக்கு விதை கொடுத்ததை நாம் அறிவோம். அதற்கு முன் அவர்களுடைய பணம் போயிருந்தது, பிறகு கால்நடை போயிருந்தது, பிறகு நிலமே பார்வோனுக்குப் போயிருந்தது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு என்றென்றைக்கும் அரண்மனைக்கு என்பதே விதையின் விலை. (குருக்களின் நிலத்தை மட்டும் அவர் வாங்கவில்லை என்பதையும் நூல் மறைக்கவில்லை.) தக்காவி அவ்வளவு கடுமையானதன்று. ஆயினும் அதன் பாக்கியை நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்லிற்று. தவணை தவறினால் நிலம் ஏலத்துக்கு வரும். மழை பொய்த்ததால் கடன் வாங்கியவன், அடுத்த ஆண்டும் மழை பொய்த்தால் என்ன செய்வான்? மனுப் போட்டு, கர்ணம் கணக்குப் பார்த்து, தாசில்தார் உத்தரவாகிப் பணம் கைக்கு வருமுன் விதைப்புக் காலம் கடந்துவிடுவதும் உண்டு. எனவே குடியானவன் கொடிய வட்டியென்று அறிந்தும் லேவாதேவிக்காரனிடமே சென்றான். அவன் கேட்ட அன்றே கொடுத்தான்.

1896 முதல் 1900 வரை மீண்டும் பெரும்பஞ்சங்கள் நாட்டை வாட்டிய பின், மக்டானல் தலைமையிலான ஆணையம் 1901-இல் இந்தக் குறையைத் தொட்டது. மக்கள் மனம் உடைந்து வீட்டைவிட்டுக் கிளம்புமுன் உதவி போய்ச் சேர வேண்டும். கிஸ்தியை முன்கூட்டியே நிறுத்திவைத்து, விதைக்கும் மாட்டுக்கும் கடனைத் தாராளமாக வழங்க வேண்டும் என்றது. சென்னையில் பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி அதற்கு முன்பே, 1895-97-இல், உழவர் கடன் பற்றி இரு பெரும் தொகுதிகள் எழுதியிருந்தார். செருமனியின் ராய்பைசனைப் போன்ற ஒருவர் இந்நாட்டுக்கும் வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த ராய்பைசன் யார்? 1846-47 பஞ்சக் குளிரில் வையர்புஷ் என்னும் சிற்றூர் வட்டாரத்தின் மேயர். அரசு அனுப்பிய மாவை ரொக்கத்துக்கே விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. ரொக்கம் வைத்திருப்பவனுக்கு எதற்குப் பஞ்ச மாவு என்று எண்ணிய அவர், ஆணையை மீறிக் கடனுக்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே கூட்டுறவுக் கடன் இயக்கம். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாண்டே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் நம் நாட்டின் முதல் கூட்டுறவு வேளாண் கடன் சங்கங்களில் ஒன்று தோன்றியது.

காலம் வெகுவாக மாறிவிட்டது. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 1876-க்குப் பின் இத்துணைக் குறைவு இல்லை என்றனர் வானிலை அறிஞர். ஆயினும் சேலம் வெறிச்சோடவில்லை. பங்கீட்டுக் கடையில் அரிசி இருந்தது. 2017 ஜனவரி 10 அன்று எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் இழந்தோருக்கு நெல்லுக்கும் பிற பாசனப் பயிருக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிக்கு 3,000 ரூபாய், நீண்டகாலப் பயிருக்கு 7,287 ரூபாய் என்று இழப்பீடு. நிலவரி முழுத் தள்ளுபடி. மாநிலம் மையத்திடம் கேட்டது 39,565 கோடி. வறட்சிக்கென மையம் ஒப்புக்கொண்டது சுமார் 1,748 கோடி. அவ்வாண்டு மார்ச்சு முதல் நம் உழவர்கள் மண்டையோடுகளோடு டில்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்திருந்ததை யாவரும் கண்டோம். கடன் அன்று, வேலைக் கூலி அன்று, இழப்பீடு என்னும் சொல்லே ஒரு பெரும் வரலாற்று மாற்றம். ராத்தல் கணக்குப் பார்த்த டெம்பிளுக்கு அந்தச் சொல் விளங்கியிராது.

எனினும் இழப்பீட்டுக்கும் ஒரு திருமுகம் வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல். அடங்கலில் யார் பெயரோ அவருக்கே பணம். குத்தகையாளரின் பெயரைப் பதிவு செய்யத் தமிழகத்தில் 1969-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வாய்ச்சொல் குத்தகைக்கு உழுபவர் பதிவு கேட்டால், நிலமே கைவிட்டுப் போகும்.

அந்த 2017-ஆம் ஆண்டுக் கோடையில் நம் பங்கைச் சேர்ந்த குடியானவர் ஒருவர் ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் பேசிக்கொண்டிருந்தார். மூன்று ஏக்கர் குத்தகை நிலத்தில் சம்பா நட்டுக் கருகவிட்டவர். இழப்பீடு வந்ததா என்று கேட்டோம். “வந்ததுங்க, பட்டாக்காரருக்கு வந்தது. அவர் கோயம்புத்தூரில இருக்காரு. நல்ல மனுசர். போன் போட்டு, இந்த வருசக் குத்தகையில கழிச்சுக்கிறேன்னு சொன்னாரு” என்றார். விளையாத ஆண்டுக்கும் குத்தகை உண்டா என்று வியந்தோம். அவர் நம்மைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியே அவருக்குப் புதிதாய் இருந்ததாகத் தெரிந்தது. ஆடியில் மழை வருமா என்று வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.