தெளிப்புச் சாயம் பிறந்த கதை



பள்ளி விடுமுறை தொடங்கியதும் வீட்டின் பொருளறையைத் துப்புரவு செய்ய முற்பட்டேன். பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குப் பின்னால் அப்பாவின் மேசை மின்விசிறி கிடைத்தது. தோட்டத்து வீட்டுக்கு மின்சாரம் வந்த புதிதில் அவர் வாங்கியது அது. மோட்டார் இன்னும் ஓடுகிறது. ஆனால், இறக்கைகளைச் சுற்றியுள்ள கம்பிக் கூண்டு முழுவதும் துருவேறிக் கிடந்தது. எறிய மனம் வரவில்லை. புதிதாகச் சாயம் பூசுவோம் என்று தூரிகையை எடுத்தேன். நெருங்கி நிற்கும் கம்பிகளுக்கிடையே தூரிகை நுழைய மறுத்தது. ஓரிடத்தில் திட்டுத் திட்டாகச் சாயம். அதன் மறுபக்கத்தில் பழைய துரு. அரை மணி நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு, கடைக்குப் போய் ஸ்ப்ரே டின் ஒன்றை வாங்கி வந்தேன்.

அந்த டின் முதன்முதலில் தோன்றியதே இத்தகைய இடுக்குகளுக்காகத்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

1949ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் சிக்கமோர் என்னும் சிற்றூர். அங்கே எட்வர்ட் சீமோர் என்பவர் சாயத் தொழில் நடத்தி வந்தார். குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க நீராவி ஓடும் இரும்புக் கலன்களை வைத்திருப்பார்கள். பல குழல்களை வரிசையாக அடுக்கியது போன்ற அமைப்புடையவை அவை. அவற்றுக்கென அலுமினியச் சாயம் ஒன்றைச் சீமோர் உருவாக்கியிருந்தார். அதை வாடிக்கையாளருக்கு எளிதில் பூசிக் காட்டும் வழியைத் தேடினார். அறையின் துர்நாற்றம் போக்கும் தெளிப்பானைப் போல இதையும் தெளித்தால் என்ன என்று கேட்டவர் அவருடைய மனைவி போனி. சாயத்தையும் அதை உந்தித் தள்ளும் வாயுவையும் ஒரே டின்னில் அடைத்து, தலையில் தெளிப்பானைப் பொருத்தினார் சீமோர். வரலாற்று நூல்களில் கணவரின் பெயரே முதலில் வருகிறது. யோசனை யாருடையது என்பதை நாமாவது நினைவில் வைப்போம்.

சீமோர் தம்பதியர் வெறுங்கையோடு தொடங்கவில்லை. காற்றழுத்தத்தால் நீர்மத்தைத் துகளாக்கும் கலை அதற்கு முன்பே இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் தாமஸ் அதே கொள்கையைக் கொண்டு சாயம் தெளிக்கும் துப்பாக்கியை உருவாக்கினார். ஆனால், அதற்குக் காற்றழுத்த இயந்திரம் வேண்டும். பட்டறைக்கு ஏற்றது, வீட்டுக்கு ஆகாது.

அழுத்தத்தையே டின்னுக்குள் அடைக்கும் வழியை நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோத்தைம் 1920களின் பிற்பகுதியில் கண்டார். அதைப் பெரும் பயனுக்குக் கொண்டு வந்தது போர். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த லைல் குட்ஹியூ, வில்லியம் சல்லிவன் ஆகிய இருவரும் 1941இல் பூச்சிமருந்து தெளிக்கும் சிறு கலனை உருவாக்கினர். பசிபிக் தீவுகளில் மலேரியாக் கொசுவோடு போராடிய போர்வீரர்கள் அதைச் சுமந்து சென்றனர். இன்று நம் வீட்டு மூலையில் நிற்கும் கொசுமருந்து டின்னும் நான் வாங்கி வந்த சாய டின்னும் உடன்பிறப்புகள்தாம்! போர்க்காலக் கலன் கனமானது, விலை மிகுந்தது. மெல்லிய தகர டின்னுக்கு ஏற்ற மலிவான அடைப்பிதழை ராபர்ட் அப்பிளனால்ப் உருவாக்கிய பின்னரே அது கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இனி என் மின்விசிறிக்கு வருவோம். முதல் முயற்சி படுதோல்வி. மாலை மழை ஓய்ந்த கையோடு, ஆர்வ மிகுதியால் மிக அருகில் பிடித்து அழுத்தினேன். சாயம் கண்ணீர்த் தாரையாக வழிந்தது. எஞ்சிய இடமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்தது. டின்னைக் குறை கூறத் தோன்றியது. ஆனால், குற்றம் டின்னில் இல்லை.

உள்ளே இருக்கும் உந்துவாயு அழுத்தத்தால் நீர்மமாகிச் சாயத்தோடு கலந்திருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் வெளியேறும் கலவையில் அந்த நீர்மம் சட்டென ஆவியாகிச் சாயத்தைச் சிதறடிக்கிறது. சாயத்தின் கரைப்பானும் விரைந்து ஆவியாகி, பூசிய பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து சாயம் வெளுக்கிறது. மழை ஓய்ந்த மாலை இதற்குச் சற்றும் ஏற்ற நேரமன்று. நம் நாட்டில் பனி உலர்ந்த முற்பகல் வேளையே நல்லது. குலுக்கும்போது கலகலவென ஒலிக்கும் குண்டு, அடியில் தங்கிய நிறமியைக் கிளறுவதற்காக வைத்தது. குண்டின் ஒலி கேட்கத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும்.

மறுநாள் மணல்தாளால் அனைத்தையும் தேய்த்து, துருவுக்குரிய அடிப்பூச்சை இட்டேன். பின்னர் ஏறத்தாழ 25 செண்டிமீட்டர் தொலைவில் டின்னைப் பிடித்து, கையை நிறுத்தாமல் மெல்லிய பூச்சாக மூன்று முறை தெளித்தேன். பழைய எனாமல் பூச்சின் மேல் லாக்கர் வகையைத் தெளித்தால் அது சுருங்கிக் கிளம்பக்கூடும். எனவே வாங்கும்போதே டின்னில் வகையைப் படித்துப் பாருங்கள்.

டின்னின் முதுகில் ‘சிஎஃப்சி இல்லை’ என்ற வரி கண்ணில் பட்டது. அந்த வரிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. டின்களை நெடுங்காலம் இயக்கிய குளோரோபுளோரோகார்பன் வாயு தீப்பற்றாது, மணக்காது. ஆகவே தீங்கற்றது என்று உலகம் நம்பியது. 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய இருவரும், அது வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்து ஓசோனைச் சிதைக்கும் என்று எழுதினர். தொழில்துறை எள்ளி நகையாடியது. 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் தேய்ந்திருப்பதை ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987இல் மொண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. மலேசியாவும் 1989இல் அதில் இணைந்தது. மொலினாவும் ரோலண்டும் 1995இல் பால் குருட்சனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதனால் இன்றைய டின் ஓசோனுக்கு நல்லது. நம் சமையலறைக்கு அப்படியன்று. பெரும்பாலானவற்றில் இப்போது இருப்பது புரோப்பேன், பியூட்டேன் முதலியன, அதாவது அடுப்பெரிக்கும் வாயுவின் இனம். அடுப்புக்கும் சாமி மேடை விளக்குக்கும் அருகில் தெளிக்காதீர். வெயிலில் நிறுத்திய காரில் விட்டு வைக்காதீர். துணி முகக்கவசம் சாயத்துளியை ஓரளவு தடுக்கும்; கரைப்பான் ஆவியைத் தடுக்காது. திறந்த வெளியே சிறந்தது.

மின்விசிறியின் அடித்தட்டில் அப்பா ஆணியால் கீறிய ‘மு’ என்ற எழுத்து இருந்தது. தோட்டத்துத் திருமணங்களுக்கு இரவல் போகும் பொருள்களில் அவரவர் இப்படி அடையாளம் கீறி வைப்பது வழக்கம். சாயம் தெளிக்கும் முன் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டேன். இப்போது பச்சை நிறத் தட்டின் நடுவே, பழைய சாம்பல் நிறத்தில் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது.