பிரித்துப் பின்னிய நூலுக்கு வரலாறு உண்டா?

நர்சாபூர் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் பல தலைமுறைப் பெண்கள் வளர்த்த கைவினைக்குச் சட்டம் அளித்த ஏற்பு அது, வரவேற்கத்தக்கது. எனினும் புவிசார் குறியீடு சந்தைக்குப் போகும் பொருளுக்கு உரிய பாதுகாப்பு. அதே கொக்கியூசியால், வீட்டில் மிஞ்சிய நூலிலும் பிரித்தெடுத்த பழைய கம்பளியிலும் மகனுக்குத் தொப்பியும் பேத்திக்குப் போர்வையும் பின்னிய பெண்களின் உழைப்பு அந்தக் குறியீட்டுக்குள் வராது. கைவினை வரலாறுகளுக்குள்ளும் அது பெரும்பாலும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதே இப்பதிவின் கேள்வி. என் விடைக்கு இரண்டு பகுதிகள் உண்டு. இந்த உழைப்பு தன் சான்றைத் தானே அழித்துக்கொள்ளும் இயல்புடையது என்பது ஒன்று. அதற்கு நாம் 'பொழுதுபோக்கு' என்று பெயரிட்டுவிட்டோம் என்பது மற்றொன்று.

சொல்லிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சு மொழியில் 'குரோஷே' என்றால் சிறு கொக்கி. கருவியின் பெயரே தொழிலின் பெயராயிற்று. அச்சொல் இந்தியாவுக்குள் வந்து இந்தியில் 'குரோஷியா', வங்காளத்தில் 'குருஷ்', தமிழ் வீடுகளில் 'குரோஷா' என வடிவம் மாறியது. தெலுங்கு வேறு வழியில் சென்றது. நர்சாபூர்ப் பகுதியில் இதற்கு 'லேஸ்' என்ற பெயரே நிலைத்தது. ஒரு பெயர் கையிலுள்ள கருவியைச் சுட்டுகிறது; மற்றது விற்கப்படும் பொருளைச் சுட்டுகிறது. இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆயினும் இக்கைவினையின் இரட்டை வாழ்க்கைக்கு அது பொருத்தமான நுழைவாயில்.

ஐரோப்பாவிலேயே குரோஷா மிகப் பழைய கலையன்று. அச்சில் வந்த தொடக்ககாலக் குரோஷா மாதிரிகள் 1820களில் 'பெனெலோப்பே' என்ற டச்சு இதழில் வெளியாயின. பகலில் நெய்ததை இரவில் பிரித்த கிரேக்கக் காப்பியப் பெண்ணின் பெயர் அவ்விதழுக்கு அமைந்தது சுவையான பொருத்தம். 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா லேஸ் கற்பித்தன. விலையுயர்ந்த லேஸின் தோற்றத்தை மலிவான கருவியால் விரைவாக உருவாக்க முடிந்ததே காரணம்.

இந்தியாவிலும் லேஸ் வேலை மிஷனரிகளின் வழியாகவே பரவியது. 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அவருடைய மகள் எலிசா அதே வேலையை இடையன்குடியில் தொடர்ந்தார். எலிசாவின் கணவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட இராபர்ட் கால்டுவெல். மொழியியல் மாணவர்கள் கணவரின் நூலை அறிவர். அதே வீட்டில் நடந்த மனைவியின் பணியைக் குறித்துப் பெரும்பாலும் அறியார். நாகர்கோவிலில் கற்பிக்கப்பட்டது திண்டின் மீது குண்டூசிகளைக் குத்தி, பல நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் லேஸ். அதற்குத் தனி இடமும் ஓரளவு தடைபடாத நேரமும் வேண்டும். குரோஷாவுக்கு ஒரு கொக்கியும் ஒரு நூலும் போதும்.

இவ்வேறுபாடு சிறியதன்று. குரோஷாவில் எந்தக் கணத்திலும் முடியாமல் நிற்கும் கண்ணி ஒன்றே. முந்தைய கண்ணிகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டவை. இரட்டை ஊசிப் பின்னலில் ஊசி நழுவினால் வரிசை முழுவதும் அவிழத் தொடங்கும். குரோஷாவில் அந்த ஒற்றைக் கண்ணியைச் சற்றுப் பெரிதாக இழுத்துவிட்டு எழுந்து போகலாம். சோறு வடிக்கவும் அழும் குழந்தையைத் தூக்கவும் நடுவில் எழ வேண்டியவரின் துண்டு துண்டான நேரத்துக்கு இதைவிடப் பொருந்தும் கைவேலை அரிது. குரோஷா வீட்டுக்குள் வேரூன்றியதை விளக்க, பெண்களின் பொறுமையைப் புகழ்வதைவிடக் கண்ணியின் இந்த அமைப்பைச் சுட்டுவதே தகும்.

அந்த அமைப்பே சுரண்டலுக்கும் வழிவகுத்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் பிற்பகுதியில் நர்சாபூரில் களஆய்வு செய்து, 1982இல் அதன் லேஸ் தொழிலாளர்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். வணிகர்களின் முகவர்கள் நூலை வீடுகளுக்குக் கொடுத்து, பின்னிய உருப்படிகளைத் திரும்பப் பெற்றனர். கூலி உருப்படிக் கணக்கில். பூக்களைப் பின்னுவது ஒருவர், அவற்றை இணைப்பது மற்றொருவர் என வேலை பிரிக்கப்பட்டிருந்தது. முழு விரிப்பு எந்த விலைக்குப் போகிறது என்பது பின்னியவருக்குத் தெரியாது. உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த இப்பெண்கள் தொழிலாளர்களாகக் கருதப்படவில்லை. ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டனர். கூலி குறைந்திருந்ததற்கு இக்கருத்து அடித்தளமாயிற்று. மீஸ் இதனை 'இல்லத்தரசியாக்கம்' எனப் பொருள்படும் கலைச்சொல்லால் குறித்தார். இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: உண்மையான குரோஷாவைப் பெருமளவில் பின்னித்தரும் ஆலை இயந்திரம் இன்றுவரை புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் தொங்கும் மிக மலிவான குரோஷாச் சட்டையும் யாரோ ஒருவரின் விரல்கள் செய்தது.

மீஸின் நூல் சந்தைக்கான குரோஷாவுக்கு ஒரு வரலாற்றைத் தந்தது. வீட்டுக்கான குரோஷா எங்கே இருக்கிறது?

அது எங்கும் இருந்தது. தலையணை உறையின் விளிம்பில், வாசல் தோரணத்தில், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்விரிப்பில், ஓரத்தில் மணிகள் கோத்த பால்குவளை மூடியில் இருந்தது. தாவூதி போரா சமூகத்து ஆண்கள் அணியும், வெண்ணூலும் பொன்னிழையும் சேர்ந்த வட்டத் தொப்பி குரோஷாவே. அதைக் கணவனுக்கும் மகனுக்கும் வீட்டுப் பெண்கள் பின்னுவது வழக்கம். உடைந்து போகாமல் மிஞ்சிய பழைய வளையலைச் சுற்றிப் பின்னினால் தோரணத்தின் ஓர் அலகு கிடைக்கும். பழைய பனியனின் உடற்பகுதியைச் சுருள்வட்டமாக வெட்டினால் அறுபடாத ஒரே நாடா வரும். அதைக் கனமான கொக்கியால் பின்னினால் கால்மிதி. மாவுச் சாக்கின் வாயை மூடியிருக்கும் தையல் சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழு நூலும் ஒரே இழுப்பில் வரும். கண்ணிக்குள் கண்ணி என்ற அதன் அமைப்பும் குரோஷாவின் அடிப்படைச் சங்கிலியும் ஒன்றே. அந்நூலைச் சேர்த்து வைத்தவர்கள் அதில் பைகள் பின்னினர்.

இந்த மறுபயன்பாட்டின் தொழில்நுட்பத்தை வட இந்தியக் குளிர்காலம் தெளிவாகக் காட்டுகிறது. குழந்தைக்குச் சிறிதாகிப்போன ஸ்வெட்டரின் தையலைப் பிரித்து, முடிச்சைக் கண்டறிந்து, நூலை இழுத்து நாற்காலி முதுகிலோ இன்னொருவரின் இரு கைகளிலோ சுற்றுவர். இந்தியில் அச்சுருளுக்கு 'லச்சி' என்று பெயர். நெளிந்து கிடக்கும் நூலை நனைத்துத் தொங்கவிட்டு நேராக்குவர். தேய்ந்த இடங்களை வெட்டி நீக்குவர். நீளமாகக் கிடைத்தது மீண்டும் ஸ்வெட்டராகும். துண்டுகளாகவும் வெவ்வேறு நிறங்களாகவும் மிஞ்சியது குரோஷாவுக்கு வரும். ஏனெனில் குரோஷாச் சதுரம் ஒன்றுக்குச் சில மீட்டர் நூலே போதும்; சதுரங்கள் சேர்ந்தால் போர்வை. பானிப்பத்தில் உலகெங்கிலுமிருந்து வரும் பழைய கம்பளித் துணிகளை இயந்திரங்கள் கிழித்து மீண்டும் நூலாக்குகின்றன. அங்கே இழைகள் குட்டையாகி நூலின் தரம் குறைகிறது. வீட்டில் பிரிக்கும்போது நூல் நூலாகவே மிஞ்சுகிறது. பானிப்பத்தின் மறுசுழற்சியைக் குறித்து ஆய்வுகளும் வணிகக் கணக்குகளும் உள்ளன. வீட்டு மறுசுழற்சிக்குக் கணக்கு இல்லை.

நெய்த துணியை இவ்வாறு ஒரே நூலாகப் பிரிக்க இயலாது. ஆகவே பழைய புடவைக்கு வேறு வழி தேடினர். வங்கத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைத்தனர். அதுவும் குடும்பத்துக்காகப் பெண்கள் செய்ததே. ஆனால் காந்தா காப்பாற்றப்பட்டது. குருசதய் தத் அவற்றைத் தேடிச் சேகரித்தார்; கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அவர் பெயரால் அருங்காட்சியகமே உண்டு. வீட்டுக் குரோஷாவுக்கு அப்படியொரு குருசதய் தத் அமையவில்லை. இதற்குச் சுவை சார்ந்த காரணம் ஒன்று உண்டு: காந்தா நாட்டார் கலையின் தூய வடிவமாகப் போற்றப்பட்டது, குரோஷா அந்நியரிடமிருந்து வந்த, நடுத்தர வீட்டு அலங்காரமாகத் தள்ளப்பட்டது. பொருள் சார்ந்த காரணம் அதைவிட ஆழமானது. காந்தாவில் பழைய புடவை கண்ணுக்குத் தெரிகிறது. பிரித்துப் பின்னிய ஸ்வெட்டரில் பழைய ஸ்வெட்டர் முற்றிலும் மறைந்துவிடுகிறது. மறுபயன்பாடு எவ்வளவு திறமையாக நடந்ததோ அவ்வளவுக்குச் சான்று இல்லாமற்போகிறது. அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்வது பெட்டியில் பூட்டிவைத்த, பயன்படுத்தாத விரிப்பு. அதை மட்டும் பார்க்கும் ஆய்வாளர், குரோஷா வசதியுள்ளோரின் அலங்கார வேலை என்று முடிவுகட்டுவதில் வியப்பில்லை.

இனி 'பொழுதுபோக்கு' என்ற பெயருக்கு வருவோம். 2019இல் இந்திய அரசு நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஊதியமற்ற வீட்டுப்பணிகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அதன் முடிவுகள் கூறுகின்றன. மிகப் பயனுள்ள ஆவணம். அக்கணக்கெடுப்பு பின்பற்றிய பன்னாட்டு வகைப்பாட்டில் ஒன்பது பெரும்பிரிவுகள் உள்ளன. சொந்தப் பயன்பாட்டுக்கான பொருள் உற்பத்தி 2ஆம் பிரிவு. துணிகளைப் பழுதுபார்த்தல் 3ஆம் பிரிவு. பொழுதுபோக்கு 8ஆம் பிரிவு. பேத்திக்காகப் பழைய கம்பளியைப் பிரித்துப் போர்வை பின்னும் மூதாட்டியை எங்கே வைப்பது? மூன்றும் பொருந்தும். 1993ஆம் ஆண்டின் தேசியக் கணக்கு முறைமை, வீட்டார் தமக்காகச் செய்யும் பொருள்களை உற்பத்தி எல்லைக்குள் சேர்க்கிறது. ஆதலால் 2ஆம் பிரிவில் வைத்தால் அவர் உற்பத்தியாளர். 3ஆம் பிரிவில் வைத்தால் ஊதியமற்ற பணிசெய்பவர். 8ஆம் பிரிவில் வைத்தால் ஓய்வெடுப்பவர். அவருடைய கை அசைவில் எந்த மாற்றமும் இல்லை. மேலும் அக்கணக்கெடுப்பு நாளை அரை மணி நேரக் கூறுகளாகப் பிரித்தது. உலை கொதிக்கும் இடைவெளியில் பின்னும் நான்கு வரிசைகள் அத்தகைய கூறுகளுக்குள் எளிதில் தென்படுவதில்லை.

சிலர் மறுக்கக்கூடும்: "அவர்கள் மகிழ்ந்து செய்ததை ஏன் உழைப்பாக்க வேண்டும்? அன்பையும் கணக்கில் எழுத வேண்டுமா?" மகிழ்ச்சி இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. வண்ணங்களைத் தேர்ந்ததில், பக்கத்து வீட்டு மாதிரியை ஒருமுறை பார்த்தே மனத்தில் பதித்துக்கொண்டதில் அறிவின் இன்பம் இருந்தது. ஆனால் மகிழ்ச்சி இருந்தால் உழைப்பு இல்லை என்ற வாதத்தை நாம் ஓவியருக்கோ பேராசிரியருக்கோ பொருத்துவதில்லை. வீட்டுக் குரோஷாவை 'சும்மா செய்தது' என்று ஏற்கும் சமூகமே, நர்சாபூரின் கூலியையும் போதுமானதாக ஏற்றது. வீட்டில் விலையில்லை என்ற எண்ணமே சந்தையில் விலைகுறைப்பாக மாறுகிறது. இவ்விரு வரலாறுகளையும் தனித்தனியாக எழுத முடியாது என்பதே என் கருத்து.

பொருள்கள் மறைந்துவிட்ட நிலையில் சான்றுக்கு எங்கே போவது? மொழி ஓரளவு உதவும். இந்தியில் மனக்குழப்பத்தை 'உதேட்புன்' என்பர். 'உதேட்' என்பது பிரித்தல். 'புன்' என்பது நெய்தல் அல்லது பின்னுதல். இச்சொல் ஸ்வெட்டரிலிருந்து பிறந்தது என்று நான் வாதிடவில்லை. பிரிப்பதும் பின்னுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்ற அனுபவம், ஒரு மனநிலைக்குப் பெயராகும் அளவுக்குப் பொதுவானதாக இருந்தது என்பதையே சுட்டுகிறேன். தமிழில் கூந்தலும் கூடையும் பின்னப்படுகின்றன, கதையும் பின்னப்படுகிறது. தெலுங்கின் 'அல்லு' என்ற வினைக்கும் இவ்விரிவு உண்டு. இவை பொதுச்சொற்கள். இவற்றுக்கு அடியில், ஒவ்வொரு வீட்டிலும் கண்ணிக்கும் வரிசைக்கும் மாதிரிக்கும் வழங்கிய சொற்கள் உள்ளன. எந்த அகராதியிலும் ஏறாத அவை சொல்பவருடனே போய்க்கொண்டிருக்கின்றன.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணிக்குச் செல்லும் ஊரில் குரோஷா பின்னும் மூத்த பெண் ஒருவர் நிச்சயம் இருப்பார். உங்கள் ஆய்வுத் தலைப்பு எதுவாயினும் அவரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு வாருங்கள். இந்த நூல் இதற்கு முன் என்னவாக இருந்தது? எத்தனை முறை பிரிக்கப்பட்டது? யாருக்காகப் பின்னப்பட்டது? யாரிடம் கற்றீர்கள்? இந்தக் கண்ணிக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்? விடைகளை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நம்முடைய கலைச்சொற்களைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.