சுற்றுச்சூழல் ஆய்விலும் செய்தியிலும் சார்பு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

ஆய்வுக்குப் பணம் தருபவர், ஆய்வைச் செய்பவர், அதைச் செய்தியாக்குபவர் ஆகியோரின் நலன் முடிவைத் தன் பக்கம் சாய்ப்பது சார்பு எனப்படும். அது பொய்யாகவே வரவேண்டும் என்பதில்லை. எதைக் கேட்காமல் விட்டார்கள், எந்த அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள் என்பதில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் உள்ள இவ்வட்டாரத்தில் பஞ்சாலைகளும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம்வரை நெருங்கி நிற்கின்றன. 1988இல் இங்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து 1,016.57 சதுர கி.மீ. பரப்புள்ள புலிகள் காப்பகமானது.

ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் பகுதித் தோப்புகளில் யானை இறங்கினால் நாளிதழ்த் தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: ‘யானைகள் அட்டகாசம்.’ பல ஆண்டு வளர்த்த தென்னை ஒரே இரவில் சாய்வது விவசாயிக்குப் பேரிழப்பு. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘அட்டகாசம்’ என்ற சொல் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது. செய்தியில் தோப்புக்காரர் பேசுவார், வனத்துறை அலுவலர் பேசுவார். அந்தத் தோப்பு யானையின் பழைய வழித்தடத்தில் இருக்கிறதா என்ற கேள்வி வராது. காட்டை நன்கறிந்த செண்பகத்தோப்புப் பளியர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதும் அரிது. சிற்றூர்ப் பகுதிநேர நிருபர் பலருக்கு ஊதியம் சொற்பம். விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. விளம்பரம் தருபவரைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்?

ஆய்வில் சிக்கல் இன்னும் ஆழமானது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் கீழ், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைச் செய்யும் ஆலோசனை நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதற்குப் பணம் தருவதும் திட்டத்தைக் கொண்டுவருபவரே. தேர்வெழுதுபவரே திருத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இது.

இதே மலைத்தொடரில், தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் இரு பக்கச் சார்பையும் காட்டியது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், கதிர்வீச்சு பரவும் என்ற அச்சம் மேடைகளிலும் செய்திகளிலும் முன்னால் வந்தது. நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கில்லை. அந்த அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. மெய்யான கேள்விகள் வேறு. மலையைக் குடைய வெடி வைத்தால் என்ன ஆகும்? மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா அருகிலேயே இருக்கிறதே? மதிப்பீட்டைத் தயாரித்த கோவை சாலிம் அலி மையத்துக்கு அதற்கான அங்கீகாரம் உண்டா? இல்லை என்பது தெரிந்ததும், 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. மிகைப்படுத்திய எதிர்ப்பு உண்மையான வாதத்தை மறைத்தது. ‘அறிவியல் திட்டம்’ என்ற பெருமை நடைமுறைக் குறையை மறைத்தது. இரண்டுமே மக்களுக்குச் செய்த தவறுதான்.

அறிக்கையைத் தாமதிப்பதும் சார்பே. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலை வல்லுநர் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை வெளியிடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டு, மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டு, தில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகே 2012 மே மாதம் அது வெளிவந்தது. அதற்குள் ‘ஊரைக் காலி செய்யச் சொல்வார்கள்’ என்ற பேச்சு, அறிக்கையைப் படிக்காத ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு, காக்க வேண்டிய பரப்பை மலைத்தொடரின் 37 விழுக்காடாகச் சுருக்கியது. அதன் அடிப்படையில், காக்க வேண்டிய பரப்பைக் குறிக்கும் 6ஆவது வரைவு அறிவிக்கை 2024 ஜூலை 31 அன்று வெளியானது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கி.மீ.